சுவருக்குள் போன அம்பு

அம்பு சுவருக்குள் போனது ஆடி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், அச்சுத் தெருவுக்குப் பதினொரு மணி டீ வருவதற்குச் சற்று முன்னால். தவசிமணி மவுஸால் அதைத் தன் கம்ப்யூட்டர் திரையின் வலது ஓரம் வரை கொண்டுபோனார், ஓரத்தைத் தாண்டியதையும் பார்த்தார், தாண்டியது மறுபக்கத்துத் திரையில் போய்ச் சேரவில்லை என்பது மட்டும் அவருக்குத் தெரியாமல் இருந்தது, அவருடைய மனைவி மாரிக்கனி அடுப்படியிலிருந்து, "என்னங்க, உங்க அம்பு இங்க சுவத்துல வந்து நிக்குது, கரண்டியை மாட்டவா, வேண்டாமா?" என்று கேட்டபோதுதான் தெரிந்தது. அவள் குரலில் ஆச்சரியம் இல்லை. அச்சகக்காரனுக்கு வாக்கப்பட்ட நாளிலிருந்து சோற்றிலும் தலையணையிலும் மை ஒட்டிப் பார்த்தவள், இதையும் அப்படி ஒட்டிக்கொண்ட ஒன்றாகவே எடுத்துக்கொண்டாள்.

தவசிமணி எழுந்து போய்ப் பார்த்தார். கரண்டி மாட்டும் ஆணிக்குக் கீழே, ஒரு மாவிலை அளவில், வெள்ளை உடம்பும் கறுப்பு விளிம்புமாக, மூக்கை இடதுபக்கம் மேலாகத் தூக்கிக்கொண்டு அது நின்றது. தொட்டுப் பார்த்தார். விரலுக்குச் சுண்ணாம்புதான் பட்டது. திரும்பி வந்து மவுஸை ஒரு பொட்டு நகர்த்தினார். "இப்ப அரிசிப் பானைக்கு மேல போயிருச்சு" என்றாள் மாரிக்கனி.

அந்தச் சுவருக்கு அப்போது வயது ஒன்றரை. அதற்கு முன்னால் அந்த இடம் தெருவாசலில் தொடங்கிக் கொல்லை வரை ஓடும் ஒரே நீள வீடாக இருந்தது. முன்பாதியில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகம், பின்பாதியில் அண்ணன் தவசிமணியும் தம்பி ஞானகுருவும் தத்தம் மனைவிமாரோடு குடும்பம் நடத்திய அறைகள். தகப்பனார் காலமான பிறகு பாகம் பிரிக்க வந்தவர் சங்கரலிங்கம் மாமா. அவர் பெரிய நியாயஸ்தர், வாழ்நாளில் கம்ப்யூட்டரைத் தொட்டவர் இல்லை. டிசைன் மேஜைக்கு முன்னால் வந்து நின்று, சின்ன மானிட்டரையும் பெரிய மானிட்டரையும் இரண்டு மவுஸையும் பார்த்து, "ரெண்டு டி.வி. இருக்கு, ரெண்டு எலி இருக்கு, பிறகென்னவே யோசனை? ஆளுக்கொண்ணு" என்றார்.

"கம்ப்யூட்டர் பெட்டி ஒண்ணுதான் மாமா" என்றார் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கும் கார்த்தீசன்.

"கிணறும்தான் ஒண்ணு. ரெண்டு வாளி போடுறதில்லையா?"

மாமா சொன்னபடியே பாகம் ஆயிற்று. தகப்பனார் வாங்கிய தேக்கு மேஜையை அறுக்க மனமில்லாமல் அதன்மேலேயே செங்கல் வைத்துத் தெருவிலிருந்து கொல்லை வரை சுவர் கட்டினார்கள். பாதி மேஜை இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம் என்று ஆயிற்று. சின்ன மானிட்டர் அண்ணனுக்கு, பெரியது தம்பிக்கு. பெட்டி அண்ணன் பக்கம், பிரிண்டர் தம்பி பக்கம். வயர் போவதற்கு மேஜை மட்டத்தில் ஒரு கை நுழையும் துவாரம். வேலை செய்ய உட்கார்ந்த பிறகுதான், எந்த மவுஸை அசைத்தாலும் அசைவது ஒரே அம்பு என்று தெரிந்தது; மாமா திரும்ப வந்து, மதியச் சாப்பாடு வரைக்கும் அண்ணனுக்கு, அதற்கு மேல் தம்பிக்கு என்று அம்புக்கு முறை வைத்துவிட்டுப் போனார்.

இவ்வளவும் எதனால் வந்தது என்று வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். தகப்பனாரின் பதினாறாம் நாள் காரியத்துக்கு அடித்த பத்திரிகையில் தவசிமணியின் பெயர் பதினாலு பாயிண்ட் அளவு எழுத்திலும் ஞானகுருவின் பெயர் பதிமூன்று பாயிண்டிலும் விழுந்திருந்தது. ஊரில் ஒருவர் கண்ணுக்கும் அது தெரியவில்லை. ஞானகுரு மட்டும், அச்சுப் புள்ளி சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்கும் லென்ஸைப் பத்திரிகைமேல் வைத்து, நெடுநேரம் குனிந்திருந்து, நிமிர்ந்து, "நீ பதினாலு. நான் பதிமூணு" என்று சொல்லி லென்ஸைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டான். தம்பி பெயரோடு அவன் மனைவி வசந்தா பெயரும் சேர்ந்ததால் வரி நீண்டுவிட்டது, கட்டத்துக்குள் அடங்க மிஷினே குறைத்துக்கொண்டது என்று தவசிமணி சொன்னார். சொன்னது உண்மைதானா என்று அன்றிலிருந்து தன்னையே கேட்டுக்கொண்டும் இருந்தார். மிஷின் குறைத்ததை அவர் பார்த்தாரா, பார்த்தும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டாரா, அல்லது அவர் விரலே அந்த ஒரு பாயிண்டைக் குறைத்துவிட்டு மனதுக்குச் சொல்லாமல் இருந்துவிட்டதா? பத்திரிகைக் கட்டை மடிக்கும்போதும், பல் விளக்கும்போதும், கோயிலில் திருநீற்றுக்குக் கை நீட்டும்போதும் இந்தக் கேள்வி வந்து நின்றது, அவரால் ஓரிடத்தில் உட்கார முடியாமல் ஆயிற்று.

இப்போது அவர் மகள் சோபனாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. ஆவணியில் முகூர்த்தம். ஊரெல்லாம் பத்திரிகை அடித்துக்கொடுத்த வீட்டில் சொந்தப் பத்திரிகை அடிக்கும் வேலை. "தங்கள் வரவை எதிர்நோக்கும்" என்ற வரிக்குக் கீழே தம்பி பெயரைப் போட்டார், எடுத்தார், மறுபடி போட்டார். கூப்பிடாத தம்பியின் பெயரைப் போட்டால் ஊர் சிரிக்குமோ என்று எடுத்தார். எடுத்தால் தகப்பனார் படம் தன்னையே பார்ப்பதுபோல் இருந்ததால் போட்டார். பிள்ளையில்லாத ஞானகுருவின் மடியில் உட்கார்ந்துதான் சோபனா தட்டச்சே பழகினாள். அவள் தீர்மானமாகச் சொல்லிவிட்டாள்: "சித்தப்பா பேரு இல்லாத பத்திரிகையை நான் யாருக்கும் குடுக்க மாட்டேன். எடுக்கிறதா இருந்தா என் பேரையும் சேர்த்து எடுத்திருங்கப்பா. வெறும் பிள்ளையார் படத்தோட போகட்டும்."

அந்தச் செவ்வாய்க்கிழமை, பத்திரிகையை அகலமாக விரித்து வைத்திருந்தார். அவருடைய சின்னத் திரைக்குள் அது அடங்காமல் சுவரைத் தாண்டித் தம்பியின் திரைக்குப் போயிருந்தது. தம்பி பெயரில் "ஞான" இந்தப் பக்கமும் "குரு" அந்தப் பக்கமுமாக நின்றது. பெயர் முழுவதையும் பிடிக்க வேண்டுமானால் அம்பை மறுபக்கம் இழுத்துக்கொண்டு போக வேண்டும். அது எப்போதுமே தொந்தரவு பிடித்த பாதை. இரண்டு திரைகளும் வேறு வேறு உயரம் என்பதால், மேலே போனாலும் கீழே போனாலும் அம்பு ஓரத்தில் முட்டிக்கொண்டு நிற்கும், நடுவில் ஒரு சாணளவு இடத்தில் மட்டும் வாசல்போல் வழி விடும். தவசிமணி அந்த வாசலைத் தேடிப்பிடித்து, பட்டனை அழுத்திக்கொண்டே இழுத்தார். பெயர் நீலமாயிற்று. "குரு"வும் அந்தப் பக்கம் நீலமாகியிருக்கும். அம்பு மட்டும் போய்ச் சேரவில்லை.

கார்த்தீசன் வந்து மவுஸை மாற்றினார், வயரை மாற்றினார், பெட்டியை நிறுத்திப் போட்டார். எல்லாம் திரும்ப வந்தது. விரித்தபடியே பத்திரிகை வந்தது, பெயர் நீலமாகவே வந்தது, அம்பு மட்டும் சுவரிலேயே நின்றது. பிறகு அவர் செட்டிங்ஸைத் திறந்து கொஞ்ச நேரம் பார்த்திருந்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"அண்ணாச்சி, மூணு மானிட்டர் காட்டுது. முதலாவது உங்களோடது, ரெண்டாவது தம்பியோடது. நடுவுல மூணாவதா ஒண்ணு, தெருவுல இருந்து கொல்லை வரைக்கும் நீளமா இருக்கு."

"அது சுவருல்லா?"

"நமக்குத்தான் சுவரு. இதுக்கு மானிட்டர்."

இந்த விளக்கம் தெருவுக்குப் போதுமானதாக இருந்தது. புது மானிட்டர் வாங்கினால் போய்ப் பார்ப்பதுபோல எல்லோரும் வந்து பார்த்தார்கள். எதிர் அச்சகத்து முதலாளி, சுவருக்கு நல்ல வெள்ளையாக அடித்திருந்தால் அம்பு இன்னும் தெளிவாகத் தெரிந்திருக்கும் என்றார். பைண்டிங் வேலைக்கு வரும் பெண்கள் சாப்பாட்டுத் தூக்கோடு வந்து, அம்புக்கு நேரே உட்காராமல் ஒதுங்கி உட்கார்ந்து சாப்பிட்டார்கள். நேரே உட்கார்ந்தால் செலக்ட் ஆகிவிடுவோம் என்று அவர்களில் ஒருத்தி சொன்னதை மற்றவர்கள் சிரித்துக்கொண்டே நம்பினார்கள். மாரிக்கனி பால் பொங்கக் காத்திருக்கும்போது அடுப்படிச் சுவரில் அம்பு வட்டமாகச் சுழன்றது, பொங்கியதும் மறுபடி அம்பாயிற்று. காலண்டர் மாட்டியிருந்த இடத்துக்குப் போனால், எழுத்தைக் கண்டதும் மெலிவதுபோல ஒல்லிக் குச்சியாக மெலிந்தது. முன்பு அண்ணன் அறைக்கும் தம்பி அறைக்கும் நடுவே வாசலாக இருந்து, இப்போது செங்கல் வைத்து அடைத்த இடத்துக்கு வந்தால் மட்டும் அது ஒரு சின்னக் கையாக மாறி, ஒரு விரலை நீட்டியது. அதற்கு என்ன அர்த்தம் என்று அந்தத் தெருவில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. கை வந்தால் அங்கே ஏதோ திறக்கும். ஆனால் அழுத்திப் பார்க்கச் சொல்ல ஒருவரும் முன்வரவில்லை.

சுவரின் இரண்டு முகத்திலும் அம்பு தெரிந்தது. அண்ணன் பக்கம் நின்று பார்த்தால் அது தெருவைக் காட்டியது, தம்பி பக்கம் நின்று பார்த்தால் கொல்லையைக் காட்டியது. இரண்டு பக்கமும் போய்ப் பார்த்தவர்கள் தலையைச் சொறிந்தார்கள். ஒரு பக்கம் மட்டும் பார்த்தவர்கள் உறுதியாகப் பேசினார்கள். காலண்டர் அச்சகங்களுக்கு அது வேலை நெருக்கும் காலம், அடுத்த வருடத் தினசரிக் காலண்டருக்குப் பின்னட்டை தயாராகிக்கொண்டிருந்தது. பல்லி விழும் பலனுக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் மிஞ்சுகிறது என்று, ஒரு காலண்டர்காரர் ஜோசியரைக் கூட்டிவந்து சுவர் நெடுகக் காட்டி, "அம்பு நிற்கும் பலன்" என்று ஒரு கட்டம் சேர்த்தார். தெருவாசல் ஓரம் நின்றால் பிரயாணம், அடுப்படியில் நின்றால் விருந்து, கொல்லையில் நின்றால் பகை விலகும். அந்தக் காலண்டர் இன்றும் பல வீடுகளில் தொங்குகிறது, பலன் பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள்.

தவசிமணிக்கு இந்த எதிலும் மனம் ஒட்டவில்லை. அவர் கண்ணெல்லாம் நீலத்தில் இருந்தது. நீலமாக நிற்கும் எழுத்து எந்த விசை பட்டாலும் அழிந்துபோகும் என்பது அச்சுத் தெருவில் பால்குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும். அதனால் கீபோர்டின்மேல் துண்டைப் போட்டு மூடினார், துண்டின் கனமே விசையை அழுத்திவிடுமோ என்று துண்டை எடுத்தார், எடுத்தால் பூனை வருமே என்று காவல் இருந்தார். அம்பை வெளியே கொண்டுவந்து காலி இடத்தில் ஒருமுறை தட்டினால் நீலம் போய்ப் பெயர் பிழைக்கும். அம்பு சுவரை விட்டு வரவில்லை. எதிர் அச்சகத்து முதலாளி, "பேசாம எங்க சிஸ்டத்துல புதுசா அடிச்சிருவோம் அண்ணாச்சி, அரைமணி வேலை" என்றார். அரைமணி வேலைதான். ஆனால் புதிதாக அடிக்க உட்கார்ந்தால் அந்த வரிக்கு வந்ததும் விரல் நிற்கும், போடவா விடவா என்று மறுபடி முதலிலிருந்து தொடங்கும். "பார்ப்போம்" என்றார். சம்பந்தி நேரிலேயே வந்து, அம்பைப் பார்த்துக் கும்பிட்டு, காப்பி குடித்து, "பத்திரிகை மட்டும் கொஞ்சம் சீக்கிரம் வந்துட்டா நல்லது" என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகுதான் அம்பு நடுங்கத் தொடங்கியது.

அடைத்த வாசலுக்கு வந்து, கையாக மாறி, அங்கேயே நின்று வெடவெடவென்று நடுங்கியது. அம்பு ஒன்று, மவுஸ் இரண்டு என்று தெரிந்த தெரு இதற்கும் உடனே காரணம் கண்டுபிடித்தது: அண்ணன் இந்தப் பக்கம் இழுக்கிறார், தம்பி அந்தப் பக்கம் இழுக்கிறார். டீக்கடையில் இரண்டு கட்சி ஆயிற்று. "மூத்தவர் கை கனமான கை, விட மாட்டாரு" என்றது ஒரு கட்சி. "அவனும் அதே ரத்தந்தானவே" என்றது மறு கட்சி. சங்கரலிங்கம் மாமா தினமும் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்து, நடுக்கம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று குடை நுனியால் சுவரில் அடையாளம் வைத்தார்.

தவசிமணி மவுஸை விட்டு எழுந்திருக்கவில்லை. தான் விட்ட நொடியில் தம்பி அம்பை இழுத்துக்கொண்டுபோய்த் தன் பெயரைத் தானே அழித்துவிடுவான், அழித்துவிட்டு, "அண்ணன் அழிச்சிட்டாரு" என்று ஊருக்குச் சொல்வான் என்று அவருக்குத் தோன்றியது. மறுநிமிடம், அவன் அப்படிப்பட்டவனா என்று தோன்றியது. அதற்கடுத்த நிமிடம், நான் எப்படிப்பட்டவன் என்று தோன்றியது. சாப்பிடும்போது இடது கையை மவுஸில் மாற்றி வைத்துக்கொண்டார். குளிக்கப் போனால் மாரிக்கனியைக் கூப்பிட்டு, அசைக்காமல் பிடித்துக்கொள்ளச் சொன்னார். அவள் ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அவசரமாக வந்து பிடித்தாள். வயர் துவாரத்துக்கு வாயைக் கொடுத்து, "கையை எடுடா!" என்று கத்தினார். மறுபக்கமிருந்து வசந்தாவின் மிக்ஸி ஓடும் சத்தம்தான் வந்தது. "உனக்குத்தான்டா சொல்றேன், கையை எடு!" என்றார். மிக்ஸி நின்றது. அம்பு முன்னைவிட அதிகமாக நடுங்கியது.

"பார்த்தீரா மாமா, சொல்லச் சொல்ல இழுக்கான்."

"இழுக்கான், இழுக்கான்" என்று மாமா குடையால் இன்னொரு கோடு போட்டார்.

சோபனா இதையெல்லாம் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கி, அடுத்த வாசலில் ஏறினாள். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தாள். வந்தவள் அப்பாவைப் பார்க்காமல் அவர் கையைப் பார்த்தாள்.

"அங்க மவுசே இல்லப்பா."

"இல்லையா? பிறகு எதை வச்சு இழுக்கான்?"

"இழுக்கலப்பா. பேரு நீலமான அன்னைக்கே பிடுங்கி, பாலித்தீன் கவர்ல சுத்தி, பீரோ மேல வச்சிட்டாராம். சித்தி எடுத்துக் காட்டினாங்க. தூசி ஏறிக் கெடக்கு."

"எதுக்குப் பிடுங்கினானாம்?"

"'அழிக்கிறதோ வைக்கிறதோ, அண்ணன் கையால நடக்கட்டும். நடுவுல நான் கைபட்டுக் கெடுத்துறக் கூடாது'ன்னு சொன்னாராம்."

மாமா குடையைக் கீழே இறக்கினார். சுவரில் அவர் போட்டிருந்த கோடுகள் எல்லாம் வரிசையாகத் தெரிந்தன. வாசலில் கூடியிருந்தவர்களில் யாரோ இருமினார்கள். தவசிமணி தன் வலது கையைப் பார்த்தார். அது மவுஸின்மேல் இருந்தது, நடுங்கிக்கொண்டிருந்தது, எப்போதிலிருந்து நடுங்குகிறது என்று அவருக்குத் தெரியவில்லை. அதை அவர் எடுத்தார். ஒட்டிக்கொண்ட மையை உரிப்பதுபோல, விரல் விரலாக எடுத்து மடியில் வைத்தார்.

சுவரில் அம்பு அசையாமல் நின்றது.

அடைத்த வாசலின் நடுவில், ஒற்றை விரலை நீட்டிய சின்னக் கையாக, வரைந்து வைத்ததுபோல் நின்றது. மடியில் கிடந்த கை மட்டும் இன்னும் நடுங்கிற்று. இத்தனை நாளும் தான் யாரோடு இழுபறி செய்துகொண்டிருந்தோம் என்று நினைத்தபோது அவருக்கு உடம்பு கூசியது. பாயிண்ட் குறைந்த அந்தப் பத்திரிகை நினைவுக்கு வந்தது. அங்கேயும் இந்தக் கைதான் இருந்தது.

குனிந்து வயர் துவாரத்துக்கு அருகில் முகத்தைக் கொண்டுபோனார்.

"குரு."

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம். பிறகு, மிகப் பக்கத்தில், "என்ன?" என்றது தம்பியின் குரல். அவ்வளவு பக்கத்தில் இருப்பான் என்று தவசிமணி எதிர்பார்க்கவில்லை.

"உன் மவுஸை மாட்டு."

"எதுக்கு?"

"என் கை ஆடுது. என்னால அம்பை வெளிய கொண்டாற முடியல. நீ எடுத்துட்டுப் போ."

ஞானகுரு கேட்டான்: "என் பேரை நீலமாக்கி வச்சிருக்கியே, அழிக்கவா, பெருசாக்கவா?"

நல்லதாக ஒரு பதில் சொல்ல வேண்டும் என்று தவசிமணிக்கு ஆசையாக இருந்தது. மாமாகூட, சொல்லும் சொல்லும் என்று கையைக் காட்டினார்.

"தெரியலடா" என்றார் தவசிமணி. "சத்தியமா எனக்கே தெரியல."

துவாரத்துக்கு அந்தப் பக்கம் பாலித்தீன் கவர் சரசரத்தது. பெட்டி, புதிதாக ஒன்றைச் செருகினால் கொடுக்கும் சின்ன மணிச்சத்தத்தைக் கொடுத்தது. சுவரில் நின்ற கை அம்பாக மாறி, ஒருமுறைகூடத் தயங்காமல், மேஜை இருந்த பக்கமாக நீந்திப்போய்ச் சுவருக்குள் முங்கிற்று. "இந்தா வந்துட்டு!" என்று வசந்தா மறுபக்கம் கூவியது எல்லோருக்கும் கேட்டது.

இனி அது தம்பியின் கையில். அவன் பெயர் அவன் முன்னால் நீலமாக நின்றது. தவசிமணி தன் திரையில் தெரிந்த பாதியை, அந்த "ஞான"வை, பார்த்துக்கொண்டே இருந்தார். அம்பு சுவரைத் தாண்டி அவர் திரைக்கு வந்தது. மேலே, எழுத்தின் அளவைக் காட்டும் கட்டத்துக்குப் போனது. அதில் பதினாலு என்று இருந்தது. அவர் பெயருக்கு எவ்வளவோ அவ்வளவு. இந்த முறை அதை அவர் மூன்று தடவை சரிபார்த்திருந்தார். அம்பு அந்தக் கட்டத்தைத் தட்டியது. பதினாலு அழிந்தது. பதிமூன்று வந்தது.

"ஞான" சுருங்கியதே தெரியாத அளவுக்குத்தான் சுருங்கியது.

"இப்பச் சரியா இருக்கா அண்ணே?" என்று துவாரம் வழியாகக் கேட்டான் ஞானகுரு. அது குத்தலா விளையாட்டா என்று குரலிலிருந்து தெரியவில்லை; முகத்தைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும், நடுவில் சுவர் இருந்தது.

தவசிமணியின் காது மடல் சிவந்தது. "அம்பை விடு" என்றார். மறுபக்கம் கை எடுக்கப்பட்டது. அவர் நடுங்கும் கையால் மவுஸைப் பிடித்து, மெல்ல மெல்லப் போய், தன் பெயரையும் மாரிக்கனி பெயரையும் நீலமாக்கி, பன்னிரண்டு ஆக்கினார்.

"ஏய், என்ன பண்ணுத?"

"நீ உன் சோலியைப் பாருடா."

"அப்படியா? விடு கையை."

ஞானகுரு தன்னுடையதைப் பதினொன்று ஆக்கினான். தவசிமணி பத்து ஆக்கினார். அம்பு சுவரின் ஓரத்தில் எங்கும் முட்டாமல், வாசலைத் தேடாமல், மேலே போனாலும் கீழே போனாலும் வழுக்கிக்கொண்டு போய் வந்தது. ஒன்பது. எட்டு. இரண்டு பக்கத்து ஆட்களும் இரண்டு திரையையும் எட்டிப் பார்த்துக்கொண்டு சத்தம் போட்டார்கள். டீக்கடைக் கட்சிகள் இரண்டும் இப்போது தத்தம் ஆள் சிறுத்துப்போக வேண்டும் என்று கூச்சல் போட்டன. "யோவ், படிக்கிறவன் கண்ணு தெரிஞ்சு படிக்கணும்வே!" என்று மாமா கத்தினார். யாரும் கேட்கவில்லை. பெயர்கள் எறும்பாயின, எறும்பு முட்டையாயின. அவர்கள் சுருங்கச் சுருங்கப் பக்கத்தில் இடம் காலியாகிக்கொண்டே வந்தது, நடுவில் சோபனாவின் பெயர் மட்டும் வயலில் நிற்கும் ஒற்றைப் பனைபோல் உயர்ந்து தெரிந்தது.

"என் பேர்ல கை வைக்காதீங்க, சொல்லிட்டேன்" என்றாள் அவள். அப்பாவின் நாற்காலிக்குப் பின்னால் நின்று, கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

பத்திரிகை அப்படியேதான் அச்சாயிற்று. வாங்கியவர்கள் முதலில் விளக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார்கள், பிறகு பேரப்பிள்ளைகளைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னார்கள், கடைசியில் படிக்காமலே கல்யாணத்துக்கு வந்தார்கள். அதைப் பார்த்து அடுத்த முகூர்த்தத்தில் இன்னொருவர் தன் பெயரைச் சின்னதாக்கச் சொன்னார். இப்போது அந்தத் தெருவில் அடிக்கும் எந்தக் கல்யாணப் பத்திரிகையிலும் அழைப்பவர் பெயர்தான் எல்லாவற்றிலும் சிறியது, ஏன் என்று கேட்டால் அதுதான் வழக்கம் என்பார்கள். சுவர் இன்னும் நிற்கிறது. அம்பு ஒரு திரையிலிருந்து மறு திரைக்குப் போகும்போது, சுவருக்குள் ஒரு மூச்சுவிடும் நேரம் தங்கிவிட்டுத்தான் போகிறது. மாரிக்கனி அடைத்த வாசல் இருந்த இடத்தில் மட்டும் எதையும் மாட்டுவதில்லை.

ஆனால் அன்றைக்கு முதல் பிரதியைத் தவசிமணிதான் அடிக்கச் சொன்னார், பிரிண்டர் மறுபக்கம் இருந்ததால் தாள் அங்கேதான் விழுந்தது. துவாரம் வழியே நீட்டினால் கசங்கும். தெருவில் கூட்டம் விலகி வழிவிட, கையில் தாளோடு ஞானகுரு அண்ணன் வாசலில் ஏறினான். மேஜை மேல் தாளை வைத்தான். சட்டைப் பையிலிருந்து லென்ஸை எடுத்து, "யாருது சின்னதுன்னு நீயே பாரு" என்று நீட்டினான்.

தவசிமணி வாங்கிப் பெயர்களின்மேல் வைத்துக் குனிந்தார். கை நடுங்கியது, லென்ஸ் நடுங்கியது, லென்ஸுக்குள் இரண்டு பெயரும் பெரிதாகிச் சிறிதாகி ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஆடின. யாருடையது சிறியது என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. அப்போது ஞானகுரு பக்கத்தில் குனிந்து, அண்ணனின் மணிக்கட்டைப் பிடித்து அசையாமல் வைத்துக்கொண்டான். எழுத்து நின்றது. தவசிமணிக்கு இப்போது நன்றாகத் தெரிந்தது, பார்த்தும் முடித்துவிட்டார். ஆனாலும் நிமிரவில்லை, கையை எடுடா என்று சொல்லவும் இல்லை.